“பழைய எஞ்சின்தான் எஞ்சின்” என்று சொல்கிறவர்களுக்கு

 

பதிவு நீளம். திட்டுவதென்றால் கடைசி வரைக்கும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து சோற்றில் கை வைக்கவில்லை, மச்சான் (மனைவியின் தம்பி) ஒரு கட்டுப் பேப்பரோடு வாசலில் நிற்கிறார். கடனுக்குப் பிணைக் கையொப்பம் வேணுமாம். குடும்பத்தில் ஒரு அரச ஊழியர் இருந்தால் அவருடைய கையொப்பம் எல்லோருக்கும் பொதுச் சொத்து என்பது நம் நாட்டின் எழுதாத சட்டம். நானும் இதுவரை மூன்று பேருக்கு வைத்திருக்கிறேன். இந்தமுறை பேப்பரை வாசித்தேன். வாங்கப் போவது 1990களில் வந்த ஒரு ஹைலக்ஸ் டபுள் கப். 3எல் எஞ்சின். என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் வயதைவிட இரண்டு மடங்கு வயது அந்த வண்டிக்கு. கேட்கும் விலையை இங்கே எழுதினால் கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் நான் பொய் சொல்கிறேன் என்பார்கள்.

நான் கையொப்பம் வைக்கவில்லை.

அன்றிலிருந்து நான் படித்த திமிர் பிடித்தவன். தேத்தண்ணிக் கடையில்கூட விசாரணை. “சேர், புத்தகம் படிப்பிக்கிற உங்களுக்கு வாகனம் விளங்காது. புதுசெல்லாம் பொம்மை. கம்ப்யூட்டர் அடிச்சா றோட்டில நிக்கும். பழைய எஞ்சின்தான் எஞ்சின். சுத்தியலால ரெண்டு தட்டுத் தட்டினா யாழ்ப்பாணம் வரைக்கும் போகும்.”

நான் மெக்கானிக் இல்லை, உண்மை. உயர்தரப் பிள்ளைகளுக்குப் பொறியியல் தொழில்நுட்பவியல் படிப்பிக்கிறவன். எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்று வருடா வருடம் கரும்பலகையில் கீறுகிறவன். அந்த உரிமையோடு இதை எழுதுகிறேன். வன்னியில் பழைய எஞ்சின் இன்று ஒரு பக்தியாகிவிட்டது. அந்தப் பக்திக்கு நம் சனம் காணியை ஈடு வைத்துக் காசு கட்டுகிறது.

ஒவ்வொரு வாதமாக எடுப்போம்.

முதலாவது: “பொருளாதாரத் தடை காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடின எஞ்சின் இது.”

இந்தக் கதைக்கு நான் தலை வணங்குகிறேன். அந்தக் காலத்தில் நான் இங்கே இல்லை. 1990 ஒக்டோபரில் எங்கள் சனம் முல்லைத்தீவை விட்டு வெளியேற்றப்பட்டபோது நான் சின்னப் பிள்ளை, வளர்ந்தது புத்தளத்தில். ஆகவே இதை நான் கண்ணால் காணவில்லை. என்னோடு படிப்பிக்கும், போர்க்காலம் முழுக்க வன்னியிலேயே இருந்த மூத்த ஆசிரியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கார்பரேட்டருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நோயாளியையும் பிள்ளைப்பேற்றுக்காரியையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். அந்த வண்டிகள் காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கில்லை.

ஆனால் அது எந்த எஞ்சின்? ஒஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர், ஒக்ஸ்போர்ட். எல்லாம் பெற்றோல் எஞ்சின். அவற்றின் அமுக்க விகிதம் ஏழு, எட்டுக்கு ஒன்று என்ற அளவில்தான். அமுக்கம் குறைவு என்பதால்தான் மண்ணெண்ணெய் போன்ற தரம் குறைந்த எரிபொருளையும் இடிக்காமல் எரித்தது. மச்சான் வாங்கப்போகும் 3எல் டீசல் எஞ்சின். அமுக்க விகிதம் 22ஐ அண்டியது. இரண்டுக்கும் நான்கு சில்லு இருக்கிறது என்பதைத் தவிர ஒரு உறவும் இல்லை. ஏ40 செய்த தியாகத்துக்கு ஹைலக்ஸ் தரகர் கொமிஷன் வாங்குவது எந்த நியாயம்?

இன்னொன்று. அது வேறு வழியில்லாத காலத்தின் அறிவு. பங்கருக்குள் படுக்கப் பழகினோம் என்பதற்காக வீடு கட்டும்போதும் பங்கர் வெட்டுகிறோமா?

இரண்டாவது: “சிசி கூடின எஞ்சின்தான் பாரம் இழுக்கும். புதுசு சின்ன எஞ்சின், இழுக்காது.”

கணக்குப் பார்ப்போம். 3எல் எஞ்சின் 2779 சிசி. நான்கு சிலிண்டர், எட்டு வால்வு, டர்போ இல்லை. பரிவலு தொண்ணூறு சொச்சம். இழுவை, அதாவது டோர்க், ஏறக்குறைய 190 நியூட்டன் மீற்றர். அதன் தம்பி 5எல் 2986 சிசி. அதுவும் 200ஐச் சுற்றித்தான். 2015இல் வந்த புதிய ஹைலக்ஸின் 2ஜிடி எஞ்சினைப் பாருங்கள். 2393 சிசிதான். அதுவும் நான்கு சிலிண்டர், வால்வு பதினாறு. பரிவலு 150. டோர்க் ஓட்டோ கியரில் 400, மனுவல் கியரில் 343. சிசி குறைந்தது, இழுவை இரட்டிப்புக்குக் கிட்ட வந்தது. அந்த 400ஐயும் 1600 சுற்றிலேயே தருகிறது. ஈர வயல் வரம்பிலிருந்து நெல் மூட்டையோடு ஏறும்போது உங்களுக்குத் தேவைப்படுவது அந்தக் குறைந்த சுற்று இழுவைதான்.

மந்திரம் ஒன்றும் இல்லை. சிசி என்பது எஞ்சினின் நுரையீரல். எரிக்கக்கூடிய டீசலின் அளவை உள்ளே போகும் காற்றின் அளவுதான் தீர்மானிக்கும். பழைய எஞ்சின் தானாக இழுத்த மூச்சோடு சரி. புதிய எஞ்சினுக்கு டர்போ காற்றை அமுக்கி ஊட்டுகிறது, இன்டர்கூலர் அதைக் குளிராக்கி இன்னும் நெருக்குகிறது. பழைய இன்ஜெக்டர் நூற்றுச் சொச்சம் பார் அமுக்கத்தில் டீசலைத் துப்பும். கொமன் ரெயில் அதை ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் பாரில் புகாராக்கி விடும். துளி சின்னதாக ஆக, எரிவது முழுமையாகும்.

சிசிதான் வீரம் என்றால் இன்னொன்றையும் யோசியுங்கள். இந்த வன்னியை நாளாந்தம் சுமப்பது எது? ஒற்றைச் சிலிண்டர் லேண்ட் மாஸ்டரும், இரண்டே சிலிண்டர், 702 சிசி டிமோ பட்டாவும். மீன் பெட்டி, சீமெந்து, பள்ளிக்கூட மேசை, கல்யாண வீட்டுச் சட்டி பானை எல்லாம் அவற்றின் முதுகில்தான். அவை ஒருநாளும் வீரம் பேசுவதில்லை.

மூன்றாவது: “பழைய எஞ்சின் பழுதாகாது.”

பழுதாகும். பழுதானால் திருத்தத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கிறார், அவ்வளவுதான். எல் வரிசை எஞ்சின்கள் தண்ணீர் குறைந்து சூடேறினால் சிலிண்டர் ஹெட் வெடிப்பது கராஜ்காரர் எல்லோரும் அறிந்த நோய். டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வு வளையும். பம்ப் தேய்ந்து கறுப்புப் புகை கக்கும். நாம் அதைப் “பழுது” என்று சொல்வதில்லை, “கொஞ்சம் வேலை இருக்கு” என்கிறோம். புதிய வண்டியில் ஒரு சென்சர் போனால் மட்டும் “குப்பை எஞ்சின்”. பாட்டாவின் இருமலை யாரும் நோய் என்று எண்ணுவதில்லை.

இந்தச் சண்டை வன்னியில் மட்டுமில்லை. அமெரிக்காவில் பிக்கப் ஓட்டுகிறவர்களும் பெரிய வி8 எஞ்சினா, டர்போ வைத்த சின்ன ஆறு சிலிண்டரா என்று பல வருடமாக அடிபடுகிறார்கள். 2022 மாடல் டுன்ட்ராவில் டொயோட்டா தன் 5.7 லீற்றர் வி8ஐ நிறுத்தி 3.4 லீற்றர் இரட்டை டர்போ வி6 போட்டது. 2024 மே மாதம், எஞ்சினுக்குள் உலோகத் துகள் தங்கியிருக்கலாம் என்று ஏறக்குறைய ஒரு லட்சம் வண்டிகளைத் திருப்பி அழைத்தது. “பார்த்தீர்களா, சின்ன எஞ்சின்!” என்று வி8 ஆட்கள் கொண்டாடினார்கள். அடுத்த வருடம் ஏப்ரலில் ஜெனரல் மோட்டர்ஸ் தன் 6.2 லீற்றர் வி8 எஞ்சின் வண்டிகளை, அமெரிக்காவில் மட்டும் ஆறு லட்சத்துக்குக் கிட்ட, திருப்பி அழைத்தது. எஞ்சினைக் காப்பாற்றுவது சிலிண்டர் எண்ணிக்கை இல்லை. தொழிற்சாலையின் கவனமும் ஓட்டுகிறவனின் கவனமும்தான்.

இப்போது நியாயமாக மறுபக்கத்தையும் சொல்கிறேன். புதிய எஞ்சின் மலக்கு இல்லை. இந்த ஹைலக்ஸின் புகைக் கரி வடிகட்டியே அவுஸ்திரேலியாவில் வழக்காகி, 2015 முதல் 2020 வரை விற்ற இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட டொயோட்டா வண்டிகளில் அது குறைபாடுடையது என்று 2022இல் அங்குள்ள பெடரல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கொமன் ரெயில் இன்ஜெக்டருக்குள் இருக்கும் இடைவெளி சில மைக்ரோன். தலைமுடி ஒன்றின் தடிப்பு எழுபது மைக்ரோன் அளவில் வரும். அந்த இடத்துக்குள் தண்ணீரோ தூசியோ போனால் நான்கு இன்ஜெக்டருக்கும் சேர்த்துச் சில லட்சம் எண்ணி வைக்க வேண்டும். பழைய எஞ்சின் கான் டீசலையும் குடித்துச் சமாளிக்கும். 2022இல் வரிசையில் நின்று வாங்கி, கானிலும் பரலிலும் மாதக்கணக்கில் வைத்த டீசலைப் புதிய வண்டிக்குள் ஊற்றி அழுதவர்களை எனக்குத் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் பழைய எஞ்சின்காரர் சொல்வது முழு உண்மை.

“அப்படியென்றால் ஐநாவும் தொண்டு நிறுவனங்களும் ஏன் இன்னும் 4.2 லீற்றர், ஆறு சிலிண்டர், டர்போ இல்லாத 1எச்இசட் லேண்ட் குரூசரை விரும்பி எடுக்கின்றன?” என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. 4164 சிசியில் 131 பரிவலுதான் தரும் எஞ்சின் அது. அவர்கள் அதை எடுப்பது பாலைவனத்துக்கும் போர்க்களத்துக்கும். எந்த டீசல் கிடைக்கும் என்று தெரியாத இடத்துக்கு. அவர்களுக்குச் சொந்த வேர்க்‌ஷொப் இருக்கிறது. பார்ட்ஸ் பெட்டியோடு வரும். டீசல் காசு ஓட்டுகிறவரின் பையிலிருந்து போவதில்லை. முக்கியமாக, அவர்கள் எடுப்பது தொழிற்சாலையிலிருந்து வந்த புத்தம் புதிய வண்டி. பழைய வடிவமைப்பு வேறு, பழைய வண்டி வேறு.

மச்சான் வாங்கப் போவது பழைய வண்டி. நாலாவது விஷயம் அதுதான்.

முப்பது வருட ஹைலக்ஸில் பழையது எது என்று யாராவது கேட்டீர்களா? எஞ்சின் எத்தனையாவது எஞ்சின்? பஞ்சிகாவத்தையில் இறக்கிய எஞ்சினா? அதன் இலக்கம் புத்தகத்தில் ஏற்றப்பட்டதா? சேசிஸ் முழுசா, வெட்டி ஒட்டினதா? பெயின்ற் புதுசு, பெயின்றுக்குக் கீழே என்ன? ஏபிஎஸ் இல்லை, எயார்பேக் இல்லை. ஏ9 வீதி இப்போது கார்ப்பெட். நூறுக்குக் கிட்ட ஓடிவிட்டு, குறுக்கே மாடு வந்தால் எதை நம்பி பிரேக் அடிப்பீர்கள்? “எஞ்சின் மட்டும் இரும்பு சேர்” என்கிறார்கள். எஞ்சினில் ஏறியா போகிறோம்? பின்னால் பிள்ளைகள் அல்லவா இருக்கின்றன.

பிள்ளைகள் என்றதும் ஐந்தாவது. புகை.

காலையில் எங்கள் பாடசாலை வாசலில் நின்று பாருங்கள். ஒரு பழைய பிக்கப் பிள்ளைகளை இறக்கிவிட்டு அக்சிலேட்டரை மிதிக்கும்போது வெள்ளைச் சட்டைகள் ஒரு நிமிடம் மறைந்து போகும். 2012இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதலாம் வகுப்பில் சேர்த்துவிட்டது. புகையிலையும் அஸ்பெஸ்டோஸும் இருக்கும் அதே வகுப்பு. வருடத்துக்கு ஒருக்கா புகைப் பரிசோதனை இருக்கிறது என்பீர்கள். பரிசோதனைக்கு முன்னம் பம்ப்பைக் குறைத்து, சான்றிதழ் கைக்கு வந்ததும் கூட்டுகிற வித்தை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மேலே உள்ளவனுக்கும் தெரியும்.

கடைசியாகக் காசு. மச்சானின் தொழில் மீனும் மரக்கறியும். ஒரு நாளைக்கு 80 கிலோமீற்றர், மாதம் 25 நாள், ஆக 2000 கிலோமீற்றர். பாரத்தோடு பழைய எஞ்சின் லீற்றருக்கு 9 ஓடும் என்று வைப்போம், கொமன் ரெயில் 12. ஒன்றுக்கு 222 லீற்றர், மற்றதற்கு 167. வித்தியாசம் 55 லீற்றர். லீற்றர் 300 ரூபாய் என்று போட்டால் மாதம் 16,500. வருடத்துக்கு இரண்டு லட்சத்துக்குக் கிட்ட. இந்த எண்களை உங்கள் வண்டிக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொள்ளுங்கள். விடை எந்தப் பக்கம் சாயும் என்று பாருங்கள். அந்த இரண்டு லட்சத்தை வருடா வருடம் ஒரு உண்டியலில் போட்டால் இன்ஜெக்டர் போகும் நாளில் கடன் கேட்டு அலையத் தேவையில்லை. நாம் உண்டியலில் போடுவதில்லை. புகையாக விடுகிறோம். பிறகு “புது எஞ்சின் செலவு” என்று கதைக்கிறோம்.

இவ்வளவும் எழுதக் காரணம் மச்சான் மட்டுமில்லை. எனக்கு ஒரு மாணவன் இருந்தான். பெயர் வேண்டாம். கணக்கில் சுமார், கையில் பொன். நான் பிடித்துக் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையத்துக்கு அனுப்பினேன். 2016இல் திறந்த அந்த இடத்தில் வாகனத் தொழில்நுட்பம் ஒழுங்காகப் படிப்பிக்கிறார்கள். படித்து முடித்து, கடன்பட்டு ஒரு ஸ்கேனர் வாங்கி, ஊரில் சின்னதாகக் கடை போட்டான். ஒன்றரை வருடம். வந்தவர்கள் பஞ்சர் ஒட்டவும் ஒயில் மாற்றவும்தான் வந்தார்கள். “கம்ப்யூட்டர் மெக்கானிக்” என்று பட்டப்பெயர் வேறு. கொமன் ரெயில் வண்டி வைத்திருந்தவர்களோ, இவன் சின்னப் பெடியன், இவனுக்கு என்ன தெரியும் என்று வண்டியைக் கொழும்புக்கு ஏற்றி அனுப்பினார்கள். இப்போது அவன் கத்தாரில். அங்கே எதைத் திருத்துகிறான் தெரியுமா? இதே ஹைலக்ஸ், இதே ஜிடி எஞ்சின். போன நோன்புக்கு வீடியோ கோலில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“புதுசைத் திருத்த இங்கே ஆள் இல்லை” என்று சொல்கிறவர்களே, ஆள் இருந்தான். நீங்கள்தான் அவனிடம் போகவில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய இரும்புக்கெல்லாம் தங்க விலை வந்தது. அந்த விலையை நியாயப்படுத்தத் தரகர்கள் கட்டிய கோயில்தான் இந்தப் “பழைய எஞ்சின்” புகழ். திறந்த பிறகும் வரியோடு புதிய வண்டி நம் கைக்கு எட்டாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எட்டாதது வேறு, கூடாதது வேறு. எட்டாத திராட்சையைப் புளிக்கும் என்று சொன்ன நரிக்காவது காசு மிச்சம். நாம் புளி என்று சொல்லிவிட்டு அழுகினதை விலை கொடுத்து வாங்குகிறோம்.

செய்யக்கூடியது என்ன? நாலே விஷயம்.

ஒன்று: நம் பக்கத்துப் பெற்றோல் செட்டுகளில் சுப்பர் டீசலை ஒழுங்காக வைக்கச் சொல்லி வர்த்தக சங்கங்களும் கமக்கார அமைப்புகளும் எழுத்தில் கேட்க வேண்டும். கந்தகம் குறைந்த டீசல் கொழும்பு வண்டிக்கு மட்டும் உரியதா?

இரண்டு: கொமன் ரெயில் வண்டி வைத்திருப்பவர்கள் டீசல் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள். அதன் அடியில் தேங்கும் தண்ணீரைத் திறந்து விடுங்கள். கான் டீசலைத் தொடாதீர்கள். எஞ்சின் ஒயிலில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மூன்று: படித்து வந்த பெடியனிடம் ஒருக்கா வண்டியைக் காட்டுங்கள். கொழும்புக்கு ஏற்றும் கூலியில் பாதியை அவனுக்குக் கொடுங்கள்.

நாலு: பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அதை எறியத் தேவையில்லை. பம்ப்பையும் இன்ஜெக்டரையும் ஒழுங்காகச் சரி பாருங்கள், பிள்ளைகளைப் பின்னால் ஏற்றாதீர்கள். இருப்பதைப் பேணுவது நல்லது. இல்லாததைக் கடன்பட்டு வாங்குவதுதான் பிழை.

மச்சானுக்கு: நீங்களும் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். 2005க்குப் பிறகு வந்த 2494 சிசி 2கேடி எஞ்சின் சிங்கிள் கப் ஒன்று பாருங்கள். அதுவும் விலை கூட என்றால் முதலில் ஒரு பட்டாவோடு தொடங்குங்கள். மீனுக்கு அது போதும். இஜாராவோ வங்கியோ, எதுவானாலும் வாருங்கள். வண்டியைப் பார்க்க நானும் கூட வருகிறேன். சேசிஸ் இலக்கத்தை நானே டோர்ச் அடித்து வாசிக்கிறேன். கையொப்பம் அன்றைக்கே வைக்கிறேன்.

அந்த முப்பது வருட இரும்புக்கு மட்டும் என்னிடம் பேனை இல்லை.

உங்கள் தங்கையும் மூன்று நாளாக என்னோடு கதைக்கவில்லை என்று எழுதப் போனேன். அக்கா என்றல்லவா எழுத வேண்டும். கோபத்தில் உறவுமுறையே மாறிப் போகிறது. அவவிடமும் கொஞ்சம் சொல்லுங்கள்.